அம்மா எஞ்சின், அக்கா கார்டு வேன்

போன மாசம் என் மருமகன் ஒரே நாளில் நாலு சைக்கிள் வாங்கி வந்து கார் நிறுத்துகிற இடத்தில் வரிசையாகச் சாய்த்து வைத்தார். அவருக்கு ஒன்று, என் மகளுக்கு ஒன்று, பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு. தலைக்கு ஹெல்மெட், முட்டிக்கு உறை, பின்னால் மினுக் மினுக்கென்று எரிகிற சிவப்பு லைட். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோலாலம்பூரில் ரோட்டை அடைத்துச் சைக்கிள்காரர்களுக்கு விடுகிறார்களாம், குடும்பத்தோடு போகப் போகிறார்களாம். "அத்தை, உங்களுக்கும் ஒண்ணு எடுத்துருவோமா, மூணு சக்கரம் வச்சது?" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே போய் அரிசி களைந்தேன். களைந்த அரிசியையே திரும்பவும் களைந்துகொண்டிருந்தேன் என்று மகள் வந்து கையைப் பிடித்த பிறகுதான் தெரிந்தது.

இதை நம்ம வயசுக்காரர்களிடம்தான் சொல்ல முடியும். அம்பது தாண்டினவர்களுக்கு ஞாபகம் இருக்கும், ஒரு வருஷப் பிறப்பன்று நாடு முழுக்கக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்களே, அந்த வருஷத்துக் கதை இது. எனக்கு அப்போது பத்து வயசு. அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, யார் பேரும் போடாதே" என்று சொல்லியிருக்கிறாள்.

அப்பாவுக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் யார்டில் வேலை. பெட்டிகளைக் கோப்பார், பிரிப்பார். ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வேலை போனது, வேலையோடு குவாட்டர்ஸ் வீடும் போனது. கிள்ளானுக்கு வெளியே, காப்பார் ரோட்டிலிருந்து உள்ளே போகிற செம்மண் பாதையில் ஒரு பலகை வீட்டுக்குப் போனோம். சுற்றிலும் செம்பனை. ராத்திரி பகல் என்றில்லாமல் செம்பனை எண்ணெய் ஆலையின் புளிச்ச வாடை. அப்பாவுக்கு அந்த வாடை பிரச்சினை இல்லை, சத்தம் இல்லாததுதான் பிரச்சினை. "ரயில் சத்தம் இல்லாத ஊருல எப்ப எழுந்திருக்கிறது, எப்ப தூங்குறதுன்னே தெரியல" என்பார்.

அம்மா கிள்ளான் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவவும் மாவரைக்கவும் போனார். என் தமிழ்ப்பள்ளியும் டவுனில், அக்காவின் இடைநிலைப்பள்ளியும் டவுனில். காலையில் ஒரே ஒரு பஸ். அது காப்பாரிலிருந்து வரும்போதே படியில் ஆள் தொங்கும். எங்கள் இடத்தில் நிற்காது. அம்மா கையைக் காட்டுவார், டிரைவர் வேறு பக்கம் பார்ப்பார். "அந்த பஸ்ஸுக்கு நம்ம மூஞ்சியே புடிக்கல" என்று சொல்லிவிட்டு அம்மா நடக்க ஆரம்பிப்பார். நாங்கள் பின்னால் ஓடுவோம்.

அக்கா அந்த வருஷம் மூணாம் ஃபாரம். வருஷக் கடைசியில் அரசாங்கப் பரீட்சை. அதில் பாஸானால்தான் நாலாம் ஃபாரம், இல்லையென்றால் பள்ளிக்கூடம் முடிந்தது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அப்பா பக்கமும் அம்மா பக்கமும் அந்தப் பரீட்சை வரைக்கும் வந்த முதல் ஆள் அவள். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டு மாற்ற வந்த நர்ஸுகளைப் பார்த்துப் பார்த்து, தானும் நர்ஸாகணும் என்று பிடித்துக்கொண்டாள். விளையாடும்போது என் காலுக்குத்தான் தினம் கட்டு. பள்ளியிலோ கட்டொழுங்கு டீச்சர், முந்தின வருஷக் கடைசியிலேயே, இன்னும் மூணு தடவை தாமதமாக வந்தால் பேரை எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

இதற்குமேல் கடிகாரத்தையும் தள்ளி வைத்தார்கள். நேற்று வரைக்கும் விடிந்த நேரம் இன்றைக்கு இருட்டு. "கவர்மென்டு முள்ளைத் திருப்பலாம், சூரியனைத் திருப்ப முடியுமா" என்று அப்பா ரெண்டு நாள் புலம்பினார். மூணாவது நாள் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, தன்னுடைய பார் வைத்த கறுப்பு சைக்கிளை என்னைத் தள்ளச் சொல்லி, ரோட்டோரச் சைக்கிள் கடைக்குப் போனார். கடைக்காரச் சீனரை எல்லாரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத்து ஆட்களோடு பழகித் தமிழ் பேசுவார். அப்பா இனி ஓட்ட முடியாத அந்தக் கறுப்பு சைக்கிளை அவர் எடுத்துக்கொண்டு, பொம்பளைங்க ஓட்டுகிற பழைய சைக்கிள் ரெண்டைக் கொடுத்தார்.

"பழசா இருக்கே தவுக்கே" என்றார் அப்பா.

"பழசு நல்லது லா. புதுசு இனிமேதான் ஏமாத்தும். பழசு எல்லா ஏமாத்தும் முடிஞ்சு போச்சு."

அப்பா ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

அம்மாவுக்கு அப்போது முப்பத்தாறு வயசு, அதுவரை சைக்கிளில் காலே வைத்ததில்லை. சாயங்காலம் திடலில் பாடம் நடக்கும். அப்பா ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். அம்மா சேலையை முழங்கால் வரை செருகிக்கொண்டு ஏறுவார், நாலு மிதி மிதிப்பார், விழுவார். வேலியோரம் பக்கத்து வீட்டுப் பெண்கள் நின்று, "என்ன அக்கா, தபால்காரர் வேலை கெடைச்சிருச்சா?" என்பார்கள். அம்மா மண்ணைத் தட்டிக்கொண்டே, "ஆமா, உன் கடுதாசியைத்தான் முதல்ல தொலைக்கணும்" என்பார். அப்பாவிடம், "காலு போன பொறகு சைக்கிள் சொல்லிக்குடுக்கிற மனுசனை எங்கப்பா எங்கதான் தேடிப் புடிச்சாரோ" என்பார். அப்பா ஊன்றுகோலால் முன்னால் காட்டி, "பார்வை சக்கரத்துல இல்ல, தூரத்துல" என்பார்.

அப்பாவுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு ரயில் பாதுகாப்பு. எங்களை ஒரு ரயிலாகவே கோத்துவிட்டார். முன்னால் போகிற அம்மா எஞ்சின். அம்மாவின் கேரியரில் உட்காருகிற நான் பெட்டி. பின்னால் தனியாக வருகிற அக்கா கார்டு வேன். எஞ்சின் நின்றால் எல்லாம் நிற்கணும். வெள்ளைக் கோட்டைத் தாண்டக்கூடாது. பக்கம் பக்கமாகப் போய்ப் பேசக்கூடாது. நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே வரணும், லோரி வெளிச்சம் தெரிந்தால் "வருது" என்று சொல்லணும். காலையில் கிளம்புமுன் அப்பா மண்ணெண்ணெய் விளக்கோடு வாசலுக்கு வருவார். ஸ்பேனரால் சக்கரத்தைத் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். பிரேக், மணி, டைனமோ லைட், கடைசியாகப் பின் மட்கார்டில் இருக்கிற சிவப்புக் கண்ணாடி வட்டம். வேஷ்டி முனையால் அதைத் துடைத்து, விளக்கைத் தூக்கி, அது பளிச்சென்று திருப்பி முழிக்கிறதா என்று பார்ப்பார். "பின்னால சிவப்பு இல்லாத வண்டி, வண்டியே இல்ல. அது ரோட்டுல கெடக்கிற கல்லு" என்பார். பிறகுதான் "ரைட்" சொல்வார். சொல்லாமல் யாரும் மிதிக்கக்கூடாது.

ஒன்பது மாசம் அப்படிப் போனோம். டைனமோ ஙொய்யென்று முனகும். அம்மா முதுகில் கன்னத்தை வைத்துக்கொள்வேன், எத்தனை தோய்த்தாலும் போகாத பெருங்காய வாசனை சேலையில் இருக்கும். மழைக்குப் பிளாஸ்டிக் துணியில் ஓட்டை போட்டுத் தலையை நுழைத்துக்கொள்வோம். அக்கா அந்த ஒன்பது மாசத்தில் ஒரு நாள்கூடத் தாமதமில்லை. கட்டொழுங்கு டீச்சரே அம்மாவைக் கடையில் பார்த்து, பிள்ளை நல்லா எழுதுவாள், நாலாம் ஃபாரத்துக்குச் சட்டை தைச்சு வச்சுருங்க என்றாராம். அம்மா அதை எங்களிடம் ஏழெட்டுத் தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் டீச்சர் இன்னும் கொஞ்சம் புகழ்ந்திருப்பார்.

பரீட்சைக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது.

குவாட்டர்ஸில் இருந்தபோது அப்பாவின் ஸ்பேனர், விளக்கு எல்லாம் படத்துக்கு முன்னால் இருக்கும். இந்த வருஷம் ரெண்டு சைக்கிள். அப்பா சங்கிலி வரைக்கும் கழற்றி எண்ணெய் போட்டுத் துடைத்தார். அம்மா சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, குங்குமச் சிமிழோடு என் கையில் கொடுத்தார். "சின்னப் புள்ள கையால வை. ஹேண்டில்ல வை, சீட்டுல வை, லைட்டுல வை. பின்னால நல்லா வை, பின்னாலதான் லோரி வருது."

நான் நல்லா வைத்தேன். அக்காவின் சைக்கிளில் அந்தச் சிவப்பு வட்டம் பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல இருந்தது. விளிம்பு வரைக்கும் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமத்தை அழுத்தினேன். சாமி நெற்றி மாதிரி இருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "பாரேன், என்ன வடிவா வச்சிருக்கா" என்றார்.

மறுநாள் காலையில் அப்பா வழக்கம்போல விளக்கோடு வந்தார். சக்கரத்தைத் தட்டினார், பிரேக்கைப் பிடித்தார். பின்னால் வந்தபோது வேஷ்டி முனையைக் கையில் எடுத்தார். எடுத்தவர் நின்றார். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அப்பா அதைத் துடைக்கவில்லை. விரலால் தொட்டு ரெண்டு கண்ணிலும் ஒத்திக்கொண்டார்.

"அப்பா, சிவப்பு தெரியலையே" என்றேன்.

"இன்னிக்குச் சாமியே பின்னால உக்காந்து வருது பாப்பா. ரைட்."

அப்பாவை நான் குற்றம் சொல்லவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும், நீங்கள் இருந்தாலும், சாமிக்கு வைத்ததைத் துணியால் துடைத்திருக்க மாட்டோம். நம்ம ஆட்களுக்குக் கை வராது.

இருட்டோடு லேசாகத் தூறலும் இருந்தது. மெயின் ரோட்டுக்கு வந்து கொஞ்ச தூரம் போயிருப்போம். அக்காவுக்குப் பின்னால் தூரத்தில் வெளிச்சம் தெரிந்தது. "வருது" என்றேன். அம்மா ஓரமாக ஒதுங்கினார், அக்காவும் ஒதுங்கினாள். அந்த வெளிச்சம் ஒதுங்கவில்லை. எப்போதும் வண்டிகள் அக்காவுக்குப் பின்னால் வந்ததும் விலகிப் போகும், அதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் வருவேன். அது நேராகவே வந்தது. சத்தம் பெரிதாக இல்லை, தகர டப்பா ஒன்று விழுந்த மாதிரிதான்.

பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, காய்கறி ஏற்றிப் போகிற வேன். ஓட்டி வந்த மலாய்க்காரர் என் அப்பாவைவிடப் பெரியவர். சாக்கடைக்குள் இறங்கி அக்காவைத் தூக்கியதே அவர்தான். "தாக் நம்பாக், தாக் நம்பாக்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். தெரியவில்லை, தெரியவில்லை என்றுதான் அர்த்தம். முட்டைகோஸ் மூட்டைகளுக்கு நடுவில் அக்காவைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர் அவசர அவசரமாக மாற்றியதில் வேன் கியர் கரகரவென்று கத்தியது. அக்கா அழவில்லை. "எந்தக் கை, எந்தக் கைம்மா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

இடது கை. முழங்கையில் முறிவு, மாவுக்கட்டு. "வலது கை நல்லாயிருக்கு, பரீட்சை எழுதலாம்" என்று டாக்டர் சொன்னபோதுதான் அக்கா அழுதாள்.

ஆனால் அப்பா அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டார். இனி இந்த வீட்டில் யாரும் சைக்கிள் ஏறக்கூடாது. "தண்டவாளத்துல ஒரு காலைக் குடுத்துட்டேன். ரோட்டுக்குப் புள்ளையக் குடுக்க மாட்டேன்" என்றார். அம்மா மறுபடி நடக்க ஆரம்பித்தார். நானும் கூடவே நடந்தேன். மாவுக்கட்டோடு அக்கா அவ்வளவு தூரம் எப்படி நடப்பாள், அந்தப் பஸ்ஸில்தான் எப்படித் தொங்குவாள்? டாக்ஸிக்காரர்கள் அந்த நேரத்துக்கு அவ்வளவு உள்ளே வர மாட்டோம் என்றார்கள். அம்மா வேலை செய்த கடை முதலாளி கார் அனுப்பப் பார்ப்பதாகச் சொன்னார், பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் அந்த வேன்காரர் ரம்புத்தான் கொத்தோடு வீட்டுக்கு வந்தார். பரீட்சை நாளெல்லாம் தானே வந்து பிள்ளையை ஏற்றிப்போய் விடுவதாகச் சொன்னார். அப்பா பழத்தைக்கூட வாங்கவில்லை. "இடிச்சவன் வண்டியில ஏத்தி விடவா?" என்று அம்மாவிடம் தமிழில் சொன்னார். வேன்காரருக்கு வார்த்தை புரியவில்லை, முகம் புரிந்துவிட்டது. கொத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனார். எறும்பு மொய்க்கிற வரைக்கும் அது அங்கேயே கிடந்தது.

அப்புறம் தவுக்கே கடை. நெளிந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார் அப்பா. நான்தான் போனேன். தவுக்கே சைக்கிளைச் சுற்றி வந்தார். குனிந்தார். பின்னால் கட்டை விரல் நகத்தால் சுரண்டினார். சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"இது யாரு மூடினது?"

நான் மணியைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"இதை மூடிட்டா பின்னால வர்றவனுக்கு எப்படித் தெரியும்? இருட்டுல உங்க அக்கா இல்லவே இல்ல. சைக்கிள் ஒண்ணும் தப்பு இல்ல லா பாப்பா. இதைக் கழுவினா போதும்."

வீடு திரும்புகிற வழி பூராவும் அதையே ஒத்திகை பார்த்தேன். அப்பா, நான்தான் மூடினேன், கழுவினால் போதுமாம். அவ்வளவுதான், ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சொன்னால் அப்பா ஒருவேளை அம்மாவின் சைக்கிளில் அக்காவை விடுவார். சொன்னால், அக்கா கையை உடைத்தது நான்தான் என்று எல்லாருக்கும் தெரிந்தும்விடும். வாசலில் அப்பா உட்கார்ந்திருந்தார். "தவுக்கே என்ன சொன்னாரு?" என்றார். "ஒண்ணும் சொல்லல" என்றேன். பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் அப்பா கண்ணில் படாமலே ஒதுங்கித் திரிந்தேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டே இருந்தாள். யார் கொண்டுபோய் விடுவார்கள் என்று கேட்கவேயில்லை. பாடத்தைச் சத்தமாக மட்டும் படித்தாள், அப்பா காதில் விழுகிற அளவுக்கு.

முதல் நாள் மலாய்மொழித் தாள். அதில் தவறினால் மற்றதெல்லாம் எழுதியும் பிரயோஜனமில்லை, அப்போதைய சட்டம் அப்படி. அன்று அம்மா யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் தன் சைக்கிளை வெளியே எடுத்தார். அக்கா பள்ளிச் சட்டையில், ரெண்டு பேனாவோடு, கட்டுப்போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு கேரியரில் ஏறினாள். அன்றைக்கு "ரைட்" சொல்ல ஆள் இல்லை. அம்மா மிதித்துவிட்டார்.

அப்பா எப்படி அவ்வளவு வேகமாக வந்தார் என்று தெரியவில்லை. செம்மண் பாதையின் நடுவில் ஊன்றுகோலைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ராத்திரி பெய்த மழையில் ஒரே சேறு.

"எழுந்திரிங்க" என்றார் அம்மா. "மூணு நாளு. மூணே நாளு. நான் பத்திரமா கூட்டிட்டுப் போறேன்."

"என் மேல ஏத்திட்டுப் போ."

"எழுந்திரிங்க, பெரிய மனுசன் மாதிரி நடந்துக்குங்க."

"நீ போறதுன்னா போ புள்ள. நான் எழுந்திரிக்க மாட்டேன். அன்னிக்கு வேன்ல வந்தது எம் புள்ள. அடுத்த தடவை எதுல வரும்?"

லோரி போகிற அகலம் அந்தப் பாதை. அம்மா சுற்றிக்கொண்டு போயிருக்கலாம். ஒரு முழம் ஹேண்டிலைத் திருப்பினால் போதும். திருப்பவில்லை. கீழே உட்கார்ந்து அழுகிற அந்த மனுசனைச் சுற்றிக்கொண்டு போக அம்மாவால் முடியவில்லை. நான் வாசலில் நின்றேன். வார்த்தை நாக்கில் வந்து நின்றது. அப்பா அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. வார்த்தை திரும்ப உள்ளே போய்விட்டது.

"நான் இறங்கிட்டேம்மா" என்றாள் அக்கா. இனி நடந்தாலும் தாள் கொடுக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது.

அடுத்த வருஷம் எழுதலாம் என்று அப்பா சொன்னார், நிஜமாகவே நம்பித்தான் சொன்னார். அடுத்த வருஷம் அக்கா பிஸ்கட் ஃபேக்டரியில் டின் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஃபேக்டரி வேன் வாசலுக்கே வரும். பாதுகாப்பு என்று அப்பா நிம்மதியாக இருந்தார். முப்பத்திரண்டு வருஷம் அந்த வேலைதான். அப்பா போய்ச் சேர்ந்து பதினோரு வருஷமாகிறது. அதனால்தான் இப்போது எழுத முடிகிறது. அன்றைக்கு நடந்ததில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா அப்பாவைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார். விடிந்திருந்தது. அக்கா வேறு துணி மாற்றிக்கொண்டு, பள்ளிச் சட்டையை எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்கு வந்தாள். அழுக்கே இல்லாத சட்டை, பாதை வரைக்கும் மட்டும் போன சட்டை. ஒற்றைக் கையால் சோப்புப் போட்டு அலசினாள்.

"பாப்பா, இந்தப் பக்கம் புடி. ஒத்தக் கையால முறுக்க வரல."

பிடித்தேன். பிடித்தபடியே சொல்லிவிட்டேன். "அக்கா, அந்தச் சிவப்பு மேல சந்தனத்தை நான்தான் அப்பினேன். அதான் வேன்காரருக்குத் தெரியல. கழுவினா போதும்னு தவுக்கே சொன்னாரு."

அக்கா குனிந்தபடியே இருந்தாள். உள்ளே அப்பா இருமுகிற சத்தம் கேட்டது.

"அப்பாகிட்ட சொன்னியா?"

"இல்ல. இப்ப சொன்னா நாளைக்கு விடுவாரு இல்ல?"

"நாளைக்கு விட்டு என்ன செய்ய? மலாய் இன்னிக்குத்தானே."

அக்கா குழாயை மூடினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அன்னிக்கு அவர் அதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு, நானும் பார்த்தேன். அதனாலதான் வேன் இடிச்சுதுன்னு தெரிஞ்சா இருக்கிற காலும் போயிரும் அந்த மனுசனுக்கு. நீ யார்கிட்டயும் சொல்லக்கூடாது. அம்மாகிட்டயும்."

தலையை ஆட்டினேன்.

"நல்லா முறுக்கு" என்றாள். "இன்னும் தண்ணி இருக்கு."

நான் என் பக்கம் திருப்பினேன். அவள் அவள் பக்கம் திருப்பினாள்.